சட்டைக்கு அளவு எடுப்பது போல இரைப்பைக்கு அளவா? எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் உஷார்!

உடம்பு இளைக்க வேண்டும் என்று ஆபரேஷன் மேஜையில் படுத்தார் ஒரு வாலிபர். வீடு திரும்பியது அவருடைய உடல்தான்.

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடந்த பரிதாபம் இது. புதுச்சேரிக்காரர். வயது 26. எடை சுமார் 150 கிலோ. சென்னை புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். தொடங்கிய சிறிது நேரத்தில் உடல்நிலை மோசமானது. அவசரம் அவசரமாக வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் உயிர் பிரிந்தது. பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

தப்பு யார் மீது என்பது சட்டம் சொல்ல வேண்டியது. ஆனால் குறைந்த செலவில் முடியும் என்பதால்தான் அந்த இடத்துக்கு வந்ததாகக் குடும்பத்தார் சொன்ன செய்தி வெளியானதே, அதை மறக்கக் கூடாது. ஆபத்து வந்ததும் நோயாளியை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது. அதையும் மறக்கக் கூடாது.

அதற்காக இந்த ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. மத்திய மந்திரி நிதின் கட்காரி 2011-லும், அருண் ஜெட்லி 2014-லும் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான். சர்க்கரை நோயும் மூச்சுத் திணறலும் மூட்டு வலியுமாக அவதிப்படுகிற எத்தனையோ பேருக்கு இது மறுவாழ்வு கொடுத்திருக்கிறது.

வெட்டுவது கொழுப்பை அல்ல!

பலர் இதைக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற வேலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. 'ஸ்லீவ்' ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். பை போல இருந்த வயிறு, சட்டைக் கை போல நீளமான குழாயாகி விடும். ஒரு டம்ளர் அளவுதான் அதில் கொள்ளும். பசியைத் தூண்டும் ஹார்மோன் அதிகம் சுரக்கிற பகுதியும் வெட்டுகிற பங்கோடு போய்விடுவதால் பசியும் குறையும்.

அந்தக் குழாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? இங்கேதான் 'சைஸ்' வருகிறது. வாய் வழியாக ஒரு ரப்பர் குழாயை இரைப்பைக்குள் விட்டு, அதை ஒட்டியே ஸ்டேப்ளர் போட்டு வெட்டுகிறார்கள். அதன் அளவு 'பிரெஞ்ச்' கணக்கில். 3 பிரெஞ்ச் சேர்ந்தால் 1 மில்லி மீட்டர். 36 நம்பர் என்றால் 12 மில்லி மீட்டர். சுண்டு விரல் பருமன்தான்!

"சின்ன சைஸ் போட்டால் சீக்கிரம் இளைக்கலாமாமே டாக்டர், 32-ஏ போடுங்க!" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஜவுளிக் கடையில் பனியன் கேட்பது போல!

உண்மை என்ன? உலக அளவில் அனுபவப்பட்ட சர்ஜன்கள் கூடி 2012-ல் வெளியிட்ட அறிக்கை, 32 முதல் 36 வரை சரி என்றது. அடுத்த ஆண்டே, கிட்டத்தட்ட 10 ஆயிரம் ஆபரேஷன்களை அலசிய ஓர் ஆய்வு வந்தது. 40-ம் அதற்கு மேலும் உள்ள குழாய் போட்டவர்களுக்கு தையல் ஒழுகும் ஆபத்து குறைவு. 3 ஆண்டு வரை எடை இறங்கியதிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது அது. அளவை ரொம்பக் குறுக்கினால் குழாய் அடைத்துக்கொண்டு, குடித்த தண்ணீரும் வெளியே வரும். ரொம்ப அகலமாக விட்டால் சாப்பாடு கூடும், எடை திரும்பும்.

ஆகவே நம்பரை வைத்து மட்டும் ஒன்றும் ஆகாது. ஒரே நம்பர் குழாயை வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் இறுக்கி வெட்டலாம், இன்னொருவர் தளர்த்தி வெட்டலாம். எல்லாம் கைப் பழக்கம்.

கைதான் முக்கியம்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 20 சர்ஜன்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. எடை குறைப்பில் 'பைபாஸ்' என்ற இன்னொரு வகை ஆபரேஷனை அவர்கள் செய்ததைப் படம் பிடித்து, பெயர் சொல்லாமல் மற்ற சர்ஜன்களிடம் போட்டுக் காட்டி மார்க் போடச் சொன்னார்கள். முடிவு 2013-ல் வெளியானது. மார்க் குறைந்த வரிசையில் இருந்தவர்களின் நோயாளிகளில் 100-க்கு 14 பேருக்கு மேல் சிக்கல். மார்க் அதிகம் வாங்கியவர்களிடம் 5 பேர்தான். ஆபரேஷன் ஒன்றுதான். செய்த கை வேறு!

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி எது? "என்ன சைஸ் போடுவீங்க?" என்பது கடைசிக் கேள்வி. முதலில் கேட்க வேண்டியவை இவை:

இந்த ஆபரேஷனை நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அதில் எத்தனை பேருக்கு ஒழுகல், ரத்தப்போக்கு வந்தது? இதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவும் ராத்திரி டியூட்டி மயக்க டாக்டரும் உண்டா? நெஞ்செரிச்சல் இருக்கிற எனக்கு ஸ்லீவ் சரியா, பைபாஸ் சரியா? ஊருக்குப் போன பிறகு ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி கேட்டால் கோபப்படுகிற டாக்டரா? கும்பிடு போட்டு விட்டு எழுந்து வந்துவிட வேண்டியதுதான். சிகிச்சையின் நன்மை தீமைகளை நோயாளிக்குச் சொல்லி விட்டே சம்மதம் வாங்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2008-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. பெயரளவில் ஒரு கையெழுத்து போதாது.

அரியலூர்க்காரருக்கு இரட்டைக் கவலை

ஒழுகல் என்பது ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தெரிய வேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு வந்து சில நாள் கழித்தும் காட்டும். ஜுரம், படபடப்பு, வயிற்று வலி, இடது தோள் வலி, மூச்சு வாங்கல். இவைதான் அடையாளம்.

அரியலூர் கடைத்தெருக்காரர் ஒருவர் சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டு பல்லவனில் ஊர் திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி 11 மணிக்குத் தோள் வலிக்கிறது. "வாயுவா இருக்கும்ங்க, சுக்குத் தண்ணி குடிங்க" என்பார் வீட்டுக்கார அம்மா. பாவம், அவருக்கு யார் சொன்னது? டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை பெயர் இருக்கும். இந்த எச்சரிக்கை தமிழில் இருக்குமா? ஆபரேஷன் செய்த டாக்டரோ ரெயிலில் பல மணி நேரத் தொலைவில்! விடியட்டும் என்று காத்திருந்தால் உயிரோடு விளையாடுவதாகும்.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12-ந்தேதி ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. அங்கே இந்த ஆபரேஷனையே செய்யுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. வாரம் ஒரு நாள் ஆலோசனைப் பிரிவு போதும். யாருக்கு ஆபரேஷன் தேவை, யாருக்கு உணவுக் கட்டுப்பாடும் மாத்திரையும் போதும் என்று அங்கே சொல்லட்டும். வெளியூரில் செய்துகொண்டு வந்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்யட்டும். பி-12, இரும்புச் சத்துக் குறைவு பல பேருக்கு வரும். வாழ்நாள் பூராவும் கண்காணிக்க வேண்டிய விஷயம். கமிஷனுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் பேச்சைக் கேட்டு ஏமாறாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்ய 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. விதிகள் வந்தது 2018-ல்! 21 வருஷம் தூங்கியது போதும். இந்த ஆபரேஷனைச் செய்ய வசதி உள்ள ஆஸ்பத்திரிகள் எவை என்று மாவட்ட வாரியாக அரசு பட்டியல் போட்டு, சுகாதாரத் துறை அலுவலக வாசலில் ஒட்டட்டும். டாக்டரின் பெயர் மருத்துவக் கவுன்சில் பதிவில் இருக்கிறதா என்று பார்ப்பது நோயாளியின் பொறுப்பு. வசதி இருக்கிறதா என்று பார்ப்பது அரசாங்கத்தின் பொறுப்பு.

பணம் கட்டுமுன் இன்னொன்று. இன்சூரன்ஸ் எல்லோருக்கும் கிடைக்காது. 2019-ல் வந்த பொது விதிப்படி, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்து வருகிற எண் 40 இருக்க வேண்டும்; கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய் போன்றவை இருந்தால் 35. அதாவது 5½ அடி உயரக்காரர் என்றால் சுமார் 112 கிலோ. நகையை அடகு வைக்கும் முன் பாலிசியைப் படிப்பது நல்லது.

"பாதி விலை, இந்த மாதம் மட்டும்" என்று விளம்பரம் வந்தால் ஆடித் தள்ளுபடியில் ஓடுவது போல ஓட வேண்டாம். சட்டை பெரிதாகப் போனால் பிடித்துத் தைக்கலாம். வெட்டிப் போட்ட இரைப்பையைத் திரும்ப ஒட்ட வைக்க எந்த டாக்டராலும் முடியாது!