9999 ஆட்டமும் ஒரு பொய்யும்



லேபிள் இல்லாத பழைய வீடியோ கேம் கேசட்டை 'ஒரிஜினல் நிண்டெண்டோ' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். நீங்களும் ஏமாறுகிறீர்கள்.

வாங்குமுன் போட்டுப் பாருங்கள். '9999 இன் 1' என்று வந்தால் பட்டியலைக் கடைசிவரை தள்ளுங்கள். சில ஆட்டங்களே பெயர் மாறி, லெவல் மாறித் திரும்பத் திரும்ப வரும். சூப்பர் மரியோ முகப்பில் '1985 நிண்டெண்டோ' என்ற வரி இருக்கிறதா? நகலில் பெரும்பாலும் அதை அழித்திருப்பார்கள். திருகைக் கழற்றினால் சிப்புக்குப் பதில் பெரும்பாலும் கறுப்புப் பிசின் பொட்டுதான் தெரியும்.

ஆசைக்கு விளையாடுங்கள், தவறில்லை. ஆனால் நகலை நகல் என்றே சொல்லி விற்க வேண்டும். அடுத்தவன் விடைத்தாளில் பெயரை அழித்தவனுக்கு எந்த ஆசிரியர் மதிப்பெண் போடுவார்?