முதுகெலும்பில் ஜாதி உண்டா?

மனிதனுடைய முதுகெலும்பும் இடுப்பெலும்பும் எல்லோருக்கும் ஒரே மாதிரியாய் அமைந்திருப்பதில்லை என்றும், அவை வயதுக்கு வயது மாறுவதோடு இனத்துக்கு இனமும் சற்று வேறுபடுகின்றன என்றும் வைத்திய நிபுணர்கள் அளந்து சொல்லியிருக்கின்றார்கள். இதைக் கேள்விப்பட்டதும் நமது வைதீக நண்பர்களுக்கு வாயெல்லாம் பல்லாகி விடுகின்றது. “எலும்பிலேயே பேதம் இருப்பதை சயன்சே ஒப்புக்கொண்டு விட்டது, ஆகவே பிறவியில் உயர்வு தாழ்வு உண்டென்று பெரியோர்கள் சொன்னது சரிதானே” என்று கேட்கின்றார்கள். இதற்கு ஒளிவு மறைவின்றிப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமையாகும்.

முதலாவது, வயதைக் கவனிப்போம். தொட்டில் குழந்தைக்கு இடுப்புக்கு மேலுள்ள உள்வளைவு அநேகமாய் இல்லை. அது எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வளைவு உண்டாகின்றது. முதுமையில் எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டுகள் வற்றித் தேய்கின்றன, உள்வளைவு தட்டையாகின்றது, உடல் முன்னே சாய்கின்றது. விழாமல் நிற்பதற்காக இடுப்பு பின்பக்கம் திரும்புகின்றது. அதுவும் போதாவிட்டால் முழங்கால் மடங்குகின்றது. இது ராஜாவுக்கும் உண்டு, தோட்டிக்கும் உண்டு, சங்கராச்சாரிக்கும் உண்டு.

இரண்டாவது, இனத்தைக் கவனிப்போம். தொடை மூட்டுக்கும் முதுகெலும்பு வந்து உட்காரும் பீடத்துக்கும் உள்ள அமைப்பை டாக்டர்கள் ஒரு கோணமாய்க் கணக்கிடுகின்றார்கள். சராசரி சுமார் 50 டிகிரி. ஆனால் யாதொரு நோயுமில்லாத மனிதர்களிலேயே இது சுமார் 35 முதல் 85 டிகிரி வரை இருக்கின்றது. பிரான்சு, ஜப்பான், சிங்கப்பூர், துனிசியா, அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 468 பேரை அளந்து பார்த்திருக்கின்றார்கள். இனங்களின் சராசரிகளுக்குள் சில வித்தியாசங்கள் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இனத்துக்கும் இனத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே இனத்திற்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசமே பெரிதாகும். ஒரு எக்ஸ்ரே படத்தைக் கையில் கொடுத்து, இது எந்த ஜாதியாருடைய முதுகு என்று சொல்லும்படி எந்த சாஸ்திரியாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்!

நிற்க, வெள்ளைக்காரர்களிலும் வைதீகர்கள் இருந்தார்கள். 1826-ல் விரோலிக் என்ற டச்சுப் பண்டிதர், நீக்ரோவரின் இடுப்பெலும்பில் மிருகச் சாயல் இருப்பதாய் எழுதினார். 1885-ல் எடின்பரோ டர்னர் என்பவர் இடுப்பு வாயின் நீள அகலத்தைக் கொண்டு மனித இனங்களை மூன்று வகுப்பாய்ப் பிரித்தார். நமது நாட்டிலோ 1901-ம் வருஷத்து சென்சஸ் கமிஷனரான ரிஸ்லி துரை, மூக்கு அகலம் ஏற ஏற ஜாதி அந்தஸ்து இறங்குமென்று எழுதி வைத்தார். மனு தர்மத்திற்கு அளவுகோல் ஒன்று கிடைத்ததே ஒழிய, அறிவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இவர்களுக்குப் பதில் 2018-ல் கிடைத்தது. பெட்டி, மானிக்கா என்ற இருவர் உலகின் 24 பகுதிகளைச் சேர்ந்த 348 பெண்களின் எலும்புக்கூடுகளை அளந்தார்கள். பிரசவ வழியின் அமைப்பு இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது என்றும், அதற்குப் பெரும்பாலும் காரணம் மக்கள் பிரிந்து பரவிய காலத்தில் தற்செயலாய் நேர்ந்த மாறுதலே என்றும் கண்டார்கள். இதில் உயர்வென்ன, தாழ்வென்ன? ஐரோப்பியப் பெண்ணின் இடுப்பை மட்டும் அளவாக வைத்து எழுதிய புத்தகத்தை உலகத்துப் பெண்களுக்கெல்லாம் பொருத்தியது தான் தவறு. வித்தியாசத்தை அறிவது பிரசவத்தில் தாயைக் காப்பாற்றவும், முதுகில் கத்தி வைக்கும் டாக்டர் அந்தந்த ஆளின் அளவுப்படி செய்யவுமே ஒழிய, ஒருவன் தலையில் ஒருவன் ஏறி உட்காருவதற்கல்ல.

கடைசியாய் ஒரு வார்த்தை. கூன் விழுந்த கிழவியைக் கண்டால் “பூர்வ ஜென்ம கர்மம்” என்கின்றார்கள். ராமாயணக்காரரோ கூனியையே சதிகாரியாக்கி விட்டார். உண்மை என்ன? மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு எலும்பு விரைவில் வலுவிழந்து, முதுகெலும்பு நசுங்கிக் கூன் விழுகின்றது. க்ஷயரோகம் முதுகெலும்பை அரித்தாலும் விழுகின்றது. அந்தக் கிருமியை 1882-ல் காக் என்பவர் கண்டுபிடித்தார். இன்று அதற்கு மருந்தும் இருக்கின்றது. கர்மம் என்று சொல்லி வீட்டில் கிடத்தியவள் முடமாகின்றாள். காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் நடந்து வருகின்றாள். இதில் கர்மத்திற்கு என்ன வேலை?

தோழர்களே! வயதினால் வளையும் முதுகை யாரும் தடுக்க முடியாது. நோயினால் வளையும் முதுகுக்கு வைத்தியம் உண்டு. ஆனால் சாமிக்கும், சாஸ்திரத்துக்கும், மேல் ஜாதிக்கும் பயந்து வளைகின்ற முதுகு இருக்கின்றதே, அது எந்த இனத்து எலும்பிலும் பிறவியில் இல்லை. அதை நிமிர்த்த டாக்டர் வேண்டியதில்லை. நாமே நிமிர்ந்து நின்றால் போதும்.