முறிந்த மட்டையும் ஒரு தாயின் மனமும்



“பாஸ்டர் ஐயா, பிழைக்க வந்த ஊரில் இந்தப் பிள்ளை மைதானமே கதியென்று கிடக்கிறானே! இவன் எப்படி முன்னேறுவான்?” என்று பெங்களூருவில் அங்கலாய்க்கும் தமிழ்ப் பெற்றோர் அநேகர். உங்கள் இல்லத்திலும் இந்தக் கவலை இருக்கக்கூடும். ஆகவே, நம்மைப் போலவே சொந்த மாநிலத்துக்கு வெளியே வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளையைக் குறித்து இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை.

1968ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி புனே அருகேயுள்ள கட்கியில் அவர் பிறந்தார். தந்தை நாகலிங்கம் அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியர். தாய் ஆண்டாளம்மா. வீட்டில் வறுமை இருந்தது. புதிய மட்டை வாங்க வழியில்லை. பிறர் எறிந்த முறிந்த மட்டைகளைக் கட்டிச் சேர்த்து, தேய்ந்த பந்துகளைக் கொண்டு சகோதரர்கள் பழகினார்கள். “இதனால் சோறு கிடைக்குமா?” என்று அந்தத் தாய் தடுக்கவில்லை. தன் மகன்கள் ஐவரையும் விளையாட ஊக்கப்படுத்தினார்.

மூத்த சகோதரர் ரமேஷ் மும்பையில் ஓர் உர நிறுவனத்தின் அணியில் ஆடிவந்தார். தான் பிழைத்தால் போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. தம்பியை மும்பைக்கு அழைத்து, உடனிருந்து பயிற்றுவித்தார். பின்னர் மகிந்திரா அணியும், அதன்பின் இந்தியன் ஏர்லைன்ஸும் தன்ராஜுக்கு இடமளித்தன. நம் தேசத்தில் ஹாக்கி வீரருக்கு நெடுங்காலம் சோறிட்டவை இத்தகைய நிறுவன வேலைகளே என்பதையும் பெற்றோர் அறியவேண்டும்.

1989இல் இந்திய அணிக்குள் நுழைந்தவர் 2004 வரை நிலைத்தார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக்கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு என்பது எளிய காரியமல்ல. 1998இல் பாங்காக்கில் அவருடைய தலைமையில் இந்தியா இறுதிப் போட்டியில் தென்கொரியாவைச் சந்தித்தது. ஆட்டம் சமனாக முடிய, பெனால்டி அடிகளால் முடிவு காணவேண்டியதாயிற்று. அப்போது கோலைக் காத்து நின்றவர், பின்னாளில் நம் பெங்களூருவில் சிறுவருக்கு ஹாக்கி பயிற்றுவித்த ஆசிஷ் பல்லால். 32 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தங்கம் நம் தேசத்துக்குத் திரும்பியது.

ஆனால் வெற்றிக்குப்பின் நடந்தது என்ன? தன்ராஜ் உள்ளிட்ட மூத்த வீரர் பலர் அணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஓய்வு அளிக்கப்பட்டதென்று காரணம் கூறப்பட்டது. ஆட்டத்துக்கான ஊதியத்தையும் போதுமான படிப்பணத்தையும் கேட்டதற்காகவே இந்தத் தண்டனை என்று பலரும் கருதினார்கள். வேலைசெய்தவன் தன் கூலியைக் கேட்பது பேராசையல்ல, அன்பானவர்களே. கட்டடத்தில் கல் சுமப்பவருக்கும் ஆலையில் இரவுப்பணி செய்பவருக்கும் இந்த வேதனை புரியும். அவர் சோர்ந்து ஒதுங்கிவிடவில்லை. மீண்டும் அணிக்குத் திரும்பினார்.

2000இல் சிட்னியில் இன்னொரு அடி விழுந்தது. போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. ஒரு கோல் முன்னிலையில் இருந்த இந்தியா, ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கூட இல்லாதபோது கோல் வாங்கியது. தன்ராஜ் கண்ணீர்விட்டு அழுதார். ஒலிம்பிக் பதக்கம் கடைசிவரை அவர் கைக்கு எட்டவேயில்லை. ஆயினும் 2002இல் கொலோனில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில், இந்தியா நான்காம் இடமே பெற்றபோதும், தொடரின் சிறந்த வீரராக அவரே தெரிந்துகொள்ளப்பட்டார். அப்போது அவருக்கு வயது 34. மறு ஆண்டு கோலாலம்பூரில் அவருடைய தலைமையில் இந்தியா ஆசியக் கோப்பையை வென்றது.

2007இல் அவருடைய வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் தலைப்பை நம் மொழியில் சொன்னால், ‘என்னை மன்னித்துவிடு, அம்மா’ என்பதாகும். கேல் ரத்னாவும் பத்மஸ்ரீயும் பெற்ற ஒருவரின் நூல் தாயிடம் மன்னிப்புக் கேட்கிறது! அந்தத் தலைப்பை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் கசிகிறது. பிள்ளையின் தோல்வி தன்னைப் பெற்றவளைத் துக்கப்படுத்திற்றே என்ற பாரம் அதில் தொனிக்கிறது. அந்தத் தாயோ மகனைப் பதக்கத்துக்காக வளர்க்கவில்லையே!

பிரியமான பெற்றோரே, பிள்ளைகள் எல்லாரும் தன்ராஜ் ஆகிவிடமாட்டார்கள். ஆகவே படிப்பைக் கைவிட நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாலைவேளையில் வேலை முடிந்து வரும்போது, உங்கள் பிள்ளை ஆடும் மைதானத்தின் ஓரத்தில் சற்று நில்லுங்கள். அவனுடைய பயிற்சியாளரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவனுக்குத் திறமை உண்டா, வெறும் பொழுதுபோக்கா என்பது அப்போது விளங்கும். அதன்பின் கண்டியுங்கள், அல்லது துணைநில்லுங்கள்.

மூத்தவனே, மகளே, நீ இந்த நகரத்தில் காலூன்றிவிட்டாயா? ரமேஷ் செய்ததை நினைத்துப்பார். உனக்குப் பின்னால் வரும் தம்பி தங்கையின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாயா?

தோற்று வீடு திரும்பும் பிள்ளை தாயிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. உங்கள் வீட்டு வாசற்படியில் அதை அவன் உணரட்டும்.