பூதம் எந்தப் பக்கம்?

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒரு படக்கதைப் புத்தகம் பிடிபட்டது. பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவள் யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அட்டையில் கண்ணே இல்லாத நீண்ட தலை, வாய்க்குள் இன்னொரு வாய், ஒழுகும் எச்சில். பார்த்த சிஸ்டர், “சீ, இதையா பெண் பிள்ளைகள் படிப்பது!” என்று எடுத்துச் சென்றார். அலுவலக அலமாரிக்குள் போன புத்தகம் இன்றுவரை வெளியே வரவில்லை.

பெற்றோர் கூட்டத்திலும் இப்பேச்சு எழுந்ததாம். தம் மகள் இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை என்று ஒரு தாயார் வருந்தினார். இரும்புக்கை மாயாவியை விடிய விடியப் படித்தும் தாம் ஒன்றும் கெட்டுப் போகவில்லையே என்றார் ஒரு தந்தையார். எங்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆகவே ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றதும், இதைப் பற்றியே எழுதத் துணிந்தோம். பெரியோர் பொறுத்தருள்க.

பிடிபட்டது ‘ஏலியன்ஸ்’ வரிசைப் புத்தகம். இதன் வேர் 1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஏலியன்’ திரைப்படத்தில் இருக்கிறது. 2 கோடி டன் கனிமத்தை இழுத்துக்கொண்டு ஒரு விண்கலம் பூமிக்குத் திரும்புகிறது. அதில் ஏழு பேர், ஒரு பூனை. நடுவழியில் ஏதோ ஒரு சமிக்ஞை கேட்கிறது. “அது எங்கள் வேலையில்லை, கூலி கொடுத்தால் போகிறோம்” என்கிறான் ஒரு தொழிலாளி. போகாவிட்டால் பங்குத் தொகை முழுவதும் போய்விடும் என்று ஒப்பந்தத்தைக் காட்டி அவன் வாயை அடைக்கிறார்கள். போகிறார்கள். ஒருவன் முகத்தில் ஒரு ஜந்து ஒட்டிக்கொள்ள, அவனைத் தூக்கி வருகிறார்கள். நோய்த்தடுப்பு விதிப்படி 24 மணி நேரம் வெளியே நிறுத்த வேண்டும் என்று கதவைத் திறக்க மறுக்கிறாள் ரிப்ளி என்ற பெண். விதியை மீறித் திறந்து விடுகிறான் இன்னொருவன். ஏன் திறந்தான்? அந்த ஜந்தை எப்படியாவது கொண்டு வர வேண்டும், ஆட்கள் செத்தாலும் பாதகமில்லை என்று கம்பெனி இரகசிய உத்தரவு போட்டிருந்தது! கடைசியில் மிஞ்சியவர்கள் ரிப்ளியும் பூனையுமே. (பள்ளி விதிகளைக் குறை சொல்லும் தோழியர் இவ்விடத்தைச் சற்று நின்று கவனிக்கவும்.)

அக்கலத்துக்கு ‘நாஸ்ட்ரோமோ’ என்று பெயர். இது ஜோசப் கான்ராட் 1904-இல் வெளியிட்ட நாவலின் பெயர். ஒரு வெள்ளிச் சுரங்கம் ஓர் ஊரையே எப்படி ஆட்டிப் படைத்தது என்பதுதான் அந்த நாவல். பெயர் வைத்தவர்கள் தெரிந்தேதான் வைத்தார்கள் என்று எண்ணுகிறோம். ஏனெனில் 1986-இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த இரண்டாம் படத்தில் கலத்தின் பெயர் ‘சுலாகோ’. அதே நாவலில் வரும் ஊரின் பெயர் அது.

1988-இல் டார்க் ஹார்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் இக்கதையைப் படக்கதையாகத் தொடர்ந்தது. மார்க் வெர்ஹைடன் எழுத, மார்க் நெல்சன் கறுப்பு வெள்ளையில் வரைந்தார்; ஆறு இதழ்கள். இரண்டாம் படத்தில் உயிர் தப்பிய நியூட் என்ற சிறுமி இங்கே வளர்ந்த பெண்ணாகி வருகிறாள். 1992-இல் வந்த மூன்றாம் படமோ அவளைத் தொடக்கத்திலேயே சாகடித்து விட்டது. பாவம் பதிப்பகத்தார், மறுபதிப்பில் அவளுக்கு ‘பில்லி’ என்று வேறு பெயர் சூட்டிச் சமாளித்தார்கள். பெயர் எதுவானால் என்ன, பிழைத்தாளே என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

எங்களை உண்மையில் உலுக்கியது 1992-இல் வந்த ‘ஹைவ்’. ஜெர்ரி பிராசர் எழுதி, கெல்லி ஜோன்ஸ் வரைந்தது. அந்த ஜந்துக்களின் கூட்டில் ராயல் ஜெல்லி போன்ற ஒரு பாகு ஊறுகிறது. அதற்கு மனிதரிடையே ஏகப்பட்ட கிராக்கி. எறும்புகளை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானியும் ஒரு திருடியும் கூட்டுச் சேர்ந்து, இயந்திர ஜந்து ஒன்றைச் செய்து கூட்டுக்குள் அனுப்பித் திருடப் போகிறார்கள். ஆனால் அந்த விஞ்ஞானி தீராத நோயாளி. அவர் வலியைத் தணிப்பது அந்தப் பாகுதான். இதைப் பேராசை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியுமா? எங்களுக்குள்ளேயே இரண்டு நாள் சண்டை. ஒருத்தி இன்னும் சமாதானம் ஆகவில்லை.

ஜந்து பசிக்குக் கொல்கிறது, குஞ்சுக்காகக் கொல்கிறது. அதை விற்கலாம், ஆயுதமாக்கலாம் என்று கணக்குப் போடுகிறவன் மனிதன். அட்டையில் பூதத்தின் படம் இருக்கிறது. உள்ளே புரட்டினால் கோட்டு அணிந்தவனைக் கண்டுதான் பயம் வருகிறது.

இதனால் இவை எல்லாம் நல்ல நூல்கள் என்று சொல்ல வரவில்லை. இரத்தமும் குடலும் வேண்டாத இடத்திலும் கொட்டிக் கிடக்கின்றன. ஆறாம் ஏழாம் வகுப்புத் தங்கைகளின் கையில் இவற்றைக் கொடுக்கக் கூடாது என்பதில் எங்களுக்கு இரு கருத்தில்லை. பேராசையைச் சாடும் இதே வரிசை, காசு வந்ததும் என்ன செய்தது தெரியுமா? 1995-இல் சூப்பர்மேனையும் 1997-இல் பேட்மேனையும் அந்த ஜந்துக்களோடு மோத விட்டது! சிரிப்புத்தான் வந்தது.

ஆயினும் பறித்து வைப்பதால் பயன் உண்டா? 1948 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்துப் பிங்ஹாம்ட்டன் நகரில், நம்மைப் போன்ற ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் மாணவர்களே வீடு வீடாகச் சென்று படக்கதைகளைத் திரட்டி எரித்தார்கள். அவர்களும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். 1954 ஏப்ரலில் அமெரிக்க செனட் குழு, ஈ.சி. என்ற பதிப்பகத்தின் வில்லியம் கெயின்ஸை விசாரித்தது. இந்தப் பதிப்பகம் முதலில் வேதாகமக் கதைகளைப் படங்களாக வெளியிட்டது என்பது சிஸ்டர்களுக்கு வியப்பாக இருக்கும். தந்தைக்குப் பின் பொறுப்பேற்ற மகன்தான் திகில் கதைகளுக்கும் விஞ்ஞானக் கதைகளுக்கும் திரும்பினார். வெட்டுண்ட பெண் தலையை அட்டையில் போட்டது நல்ல ரசனையா என்று செனட்டர் கேட்க, திகில் இதழுக்கு அது தகும் என்றார் கெயின்ஸ். அந்த இடத்தில் நாங்கள் செனட்டர் பக்கமே.

அதே ஆண்டு அக்டோபரில் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதி வகுத்துக் கொண்டார்கள். வெட்டுண்ட தலைகள் மறைந்தன. கூடவே வேறொன்றும் மறையப் பார்த்தது. ஈ.சி. 1953-இல் வெளியிட்ட ஒரு கதையில், ஆரஞ்சு நிற இயந்திரர்கள் நீல நிற இயந்திரர்களை ஒதுக்கி வைக்கும் கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வருகிறார். நீங்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லிப் புறப்படுகிறார். கடைசிப் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர். கதையை மறுபடி அச்சிட முயன்றபோது, அந்த மனிதரைக் கறுப்பராகக் காட்டக் கூடாது என்று தணிக்கை அதிகாரி மறுத்தார். கெயின்ஸ் பிடிவாதமாக நின்று 1956-இல் அப்படியே அச்சிட்டார். அதன் பின் அவர் பதிப்பகம் இவ்வகைப் படக்கதைகளையே விட்டுவிட்டது.

கத்தரிக்கோலுக்குத் தலையும் ஒன்றுதான், முகமும் ஒன்றுதான். ஆகையால் எங்கள் வேண்டுகோள் சிறியது. நூலகத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பினருக்கென ஒரு தட்டு ஒதுக்கலாம். இத்தகைய புத்தகங்களை ஓர் ஆசிரியை முதலில் படித்து, தகுந்ததை அதில் வைக்கட்டும். மாதம் ஒருமுறை எங்களோடு உட்கார்ந்து பேசட்டும். மாயாவி படித்த தந்தையாரும் வரலாம். விளக்கு அணைக்காத மகளின் தாயார் அவசியம் வர வேண்டும்.

அலமாரியில் இருக்கும் புத்தகத்தை ஆண்டுத் தேர்வுக்குப் பின் கொடுத்தாலும் போதும். இன்னும் எட்டுப் பக்கங்கள் பாக்கி இருக்கின்றன. பில்லி தப்பினாளா என்று எங்களில் நால்வருக்குத் தெரியாது. தெரிந்தவளோ சொல்ல மாட்டேன் என்கிறாள்.