தயிர்ச்சாதமும் பூனையும்

இம்மாதம் எங்கள் வீட்டுப் பூனையைக் குறித்து எழுதுகிறேன். அன்பர்கள் நகைக்க வேண்டா. வெளியூரில் குடித்தனம் செய்யும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

கரக்பூரில் நாங்கள் குடியிருக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் தானே வந்து சேர்ந்தது மணி. நாங்கள் புலால் உண்ணாதவர்கள். ஆகவே அதுவும் பாலும் தயிர்ச்சாதமும் உண்டே வளர்ந்தது. அதனை ஒரு பெருமையாகவே பிறரிடம் சொல்லி வந்தோம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அது உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மறுநாள் மூச்சு இரைத்தது. உடனே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் ஸ்கேன் செய்து பார்த்து, இதயம் தளர்ந்து பெருத்துவிட்டது என்றார். பிறகு, "என்ன உணவு கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

பூனையின் இதயத்துக்கு டாரின் என்னும் சத்து இன்றியமையாதது. அதனைப் பூனை தன் உடலில் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள இயலாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்தே பெறவேண்டும். பசும்பாலில் அது மிகக் குறைவு. சோற்றில் இல்லையென்றே சொல்லலாம். இக்குறையால் இதயம் தளரும் என்பதை 1987-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் வெளியிட்டனர். பூனைகளுக்கு வரும் இதயநோய்க்கெல்லாம் இதுவே காரணமன்று; இதயத்தசை தடிக்கும் நோயே மிகுதி. ஆயினும் எங்கள் மணியைப் பொறுத்தவரை எங்கள் அன்பே அதற்கு வினையாயிற்று.

நுரையீரலில் சேர்ந்த நீரை வடிக்கும் மாத்திரையும், டாரினும், பசியைத் தூண்டும் மருந்தும் மருத்துவர் கொடுத்தார். மாத்திரையை நான் உணவில் கலந்தேன். மணி உணவையே வெறுத்தது. அன்று மாலை என் மனைவி அடுத்த வீட்டு வங்காளத்து அம்மாளிடம் சென்று, "கொஞ்சம் மீன் வேகவைத்துத் தருவீர்களா?" என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் அத்தகைய கேள்வி அதற்கு முன் பிறந்ததில்லை.

உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராத மீன் வந்தது. வேகவைத்த நீரில் டாரின் இறங்கிவிடுமாதலால் அந்நீரையும் சேர்த்தே வைத்தோம். பூனை மணத்தாலேயே உணவை விரும்பும். எனவே இளஞ்சூடாக, தட்டையான தட்டில், ஒரு கரண்டியளவே, சந்தடியற்ற மூலையில் வைத்தோம். உண்ணாவிடில் எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துப் புதிதாக வைத்தோம். மூச்சிரைக்கும் பூனைக்கு வலிந்து ஊட்டுதல் ஆகாது. மறுநாள் மாலை மணி நாக்கை நீட்டி அந்நீரை நக்கியது. என் மகள் கைதட்டப் போனாள், நான் தடுத்தேன்.

இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். ஒரு நாள் முழுதும் பூனை உண்ணாதிருந்தால் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பட்டினி நீடித்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே இடராகும். உறங்கும்போது நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேற்பட்டால் அன்றே தெரிவியுங்கள்.

மணி இப்போது வாசற்படியில் வெயில் காய்கிறது. நமக்கு நல்லது நம்மை அண்டிய உயிருக்கும் நல்லது என்று எண்ணியதே எங்கள் பிழை. மீன் வரும் பாத்திரம் இந்நாட்களில் வெறுமையாகத் திரும்புவதில்லை. அதில் தயிர்ச்சாதம் போகிறது. அந்த அம்மாள் விரும்பி உண்கிறார்.