வீட்டுக்கு வந்ததும் ஸ்கோர் கேட்காதீர்கள்

விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சிக்குப் போனவர்களுக்குப் பலூன் சுடும் கடை தெரியும். அந்த ஏர்கன்னின் குறிமுள் எப்போதும் கொஞ்சம் கோணல்தான். சிவப்பைக் குறி பார்த்தால் பக்கத்து மஞ்சள் வெடிக்கும். பிள்ளை துள்ளும், அப்பா சிரித்துக்கொண்டே இன்னொரு ரவுண்டுக்குக் காசு எடுப்பார். அதே பிள்ளையை ரைபிள் கிளப்பில் சேர்த்த மறுவாரம் அந்தச் சிரிப்பைக் காணோம்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறவன். பட்டாசு லேபிளும் காலண்டரும்தான் பிழைப்பு. அக்கா மகள் வாரக் கடைசியில் மதுரைக்குப் போய் ஏர் ரைபிள் பழகுகிறாள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மச்சானின் கேள்வி, "இன்னைக்கு எவ்வளவு?" பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்டேட் மீட்ல மெடல் அடிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு உறுதியா, மாப்ள?"

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பிளஸ் டூ தேர்ச்சியில் 2017, 2018 என்று அடுத்தடுத்து மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. சாப்பிட்டாயா என்று கேட்கும் முன்பே மார்க் கேட்டுப் பழகிய வாய்கள். ரைபிள், ஜாக்கெட், பெல்லட் என்று பணம் இறங்குகிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. கணக்குப் போடத்தான் செய்வார்கள்.

ஆனால் இந்த விளையாட்டுக்கு அந்தக் கணக்கு ஆகாது. 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். கலர்மேல் கலர் உட்காரும் ரிஜிஸ்டர் அவ்வளவு விலகினால் என் கடையில் லேபிளைக் கழித்துக் கட்டிவிடுவோம். அந்த நுணுக்கத்தை இவள் நின்றபடி, துடிக்கிற இதயத்தோடு, ஒன்றேகால் மணி நேரத்தில் 60 தடவை காட்ட வேண்டும். ஓடுகிறவனின் வெறி காலுக்கு வேகம் தரும். சுடுகிறவளின் வெறி நாடியில் ஏறி ரைபிள் முனையை ஆட்டும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எடுத்தது 630.7. பெல்லட்டுக்குச் சராசரி 10.5. இடம் பத்தாவது; எட்டுப் பேருக்குத்தான் இறுதிச்சுற்று. ஊர் அதைத் தோல்வி என்றது. அடுத்த ஆண்டு ஆசியத் துப்பாக்கி சுடும் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கியதும் அவரேதான். டோக்கியோவில் பிஸ்டல் பழுதாகி நொந்துபோன மனு பாக்கர், அதன் பிறகு துப்பாக்கி சுடுவதே ஆபீஸ் வேலையாகிப் போனதைப் பேட்டிகளில் ஒளிக்காமல் சொன்னவர். பாரிஸில் அவருக்கு இரண்டு வெண்கலம்.

சந்தோஷமாகச் சுட்டால் பதக்கம் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு பேரம்தான். 2008 ஒலிம்பிக்கில் தங்கமே வாங்கிய அபினவ் பிந்த்ரா, அதற்குப் பிறகு வெறுமையில் தவித்ததாகச் சொல்லியிருக்கிறார். பதக்கத்துக்காக மட்டுமே சுட்டால், அது கிடைத்த மறுநாள் ரேஞ்சுக்குப் போக என்ன காரணம் இருக்கும்?

பயிற்சியில் ஒரு பழைய முறை உண்டு. டார்கெட் தாளைத் திருப்பி மாட்டுவார்கள். வட்டமும் இல்லை, எண்ணும் இல்லை. பெல்லட்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி விழுகின்றனவா என்பது மட்டுமே பேச்சு. அப்படித் திருப்பி மாட்டிய அன்றைக்குத்தான் அக்கா மகள் பஸ்ஸிலேயே எனக்கு போன் போட்டாள். "மாமா, ட்ரிகரை விடும்போதே தெரிஞ்சிருது, நல்லா விழுந்திருச்சுன்னு."

போட்டிக்கு அனுப்புங்கள், அதில் தனி ருசி இருக்கிறது, தோற்பதும் அங்கேதான் பழகும். கிளப்புகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முதல் ஒரு வருடம் ஸ்கோரைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சொல்லத் தோன்றும் நாளில் பிள்ளைகளே சொல்வார்கள். அப்புறம் வாயை மூட வைப்பதுதான் கஷ்டம்.