தூங்காத லேப்டாப்பும் பழி சுமக்கும் பேட்டரியும்

சுங்குவார்சத்திரத்திலோ வாலாஜாபாத்திலோ ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போய், "அண்ணே, ராத்திரி 100 பர்சென்ட் சார்ஜ் ஏத்தி மூடி வெச்சேன், காலைல திறந்தா 40 தான் இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பதில் ரெடியாக இருக்கும். "பேட்டரி வீக் தம்பி, மாத்திடலாம்." சில ஆயிரம் ரூபாய் காலி. புது பேட்டரியும் நாலாம் நாள் அதே மாதிரி இறங்கும்.

கடைக்காரர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. அவருக்குத் தெரிந்த வியாதி அது ஒன்றுதான். உண்மையான வியாதி வேறு இடத்தில் இருக்கிறது. லேப்டாப்புக்குத் தூங்கவே தெரியாமல் போய்விட்டது. தெரியாமல் போகவில்லை, போகவைத்தார்கள்.

பழைய தூக்கத்துக்கு எஸ்3 என்று பெயர். மூடியைச் சாத்தினால் ப்ராசசர் அணைந்துவிடும், டிஸ்க் அணைந்துவிடும், நெட்வொர்க் போய்விடும். ரேம் மட்டும் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டு, திறந்து வைத்திருந்த ஃபைல்களை நினைவில் வைத்திருக்கும். செலவு அரை வாட்டுக்கும் கீழே. தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய காலத்தில் எல்லா லேப்டாப்பும் இப்படித்தான் தூங்கின.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு ஆசை வந்தது. லேப்டாப்பும் செல்போன் மாதிரி இருக்க வேண்டுமாம். மூடி இருக்கும்போதும் மெயில் வர வேண்டும், திறந்த நொடியில் திரை எரிய வேண்டும். விண்டோஸ் 10-ல் அதற்கு 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்று நாமகரணம் ஆயிற்று. இதில் லேப்டாப் தூங்குவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் இதிலும் செலவு குறைவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வைஃபை ட்ரைவரோ, அப்டேட்டோ, ஆன்டிவைரஸோ அடம் பிடித்தால் போதும், ராத்திரி முழுக்க உள்ளே திருவிழா.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 40 வாட்-மணி பேட்டரி. எஸ்3-யில் 0.4 வாட் வீதம் 10 மணி நேரத்துக்கு 4 வாட்-மணி, அதாவது 10 சதவீதம். மேலே சொன்ன தம்பியின் லேப்டாப் அதே 10 மணி நேரத்தில் 60 சதவீதம் சாப்பிட்டிருக்கிறது. 24 வாட்-மணி! சராசரியாக 2.4 வாட். ஆறு மடங்கு. இதற்குப் பெயர் தூக்கமா?

சரி, புதுசு பிடிக்காதவர்கள் பழையதையே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்களா? அதுதான் இல்லை. 2020-ல் வந்த இன்டெல் 11-ம் தலைமுறைக்குப் பிறகு பெரும்பாலான லேப்டாப்களில் எஸ்3-யையே காணோம். பயாஸில் தேடினாலும் சுவிட்ச் கிடையாது. டெல் கம்பெனியே தன் உதவிக் குறிப்பில், லேப்டாப்பை ஸ்லீப்பில் வைத்துப் பைக்குள் போடாதீர்கள், அணைத்துவிட்டுப் போடுங்கள் என்று எழுதியது. சூடாகிவிடுமாம். பையில் போட முடியாவிட்டால் அப்புறம் அது என்ன மடிக்கணினி? :-)

டெல்லின் ஆலை 2007-லிருந்து ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. எச்.பி. லேப்டாப்களும் அங்கேயே ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாராகின்றன. அதே ஊரில்தான் 2006 முதல் 2014 நவம்பர் வரை நோக்கியா ஓடியது. அந்தக் காலத்து நோக்கியா போனை ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் திரும்பிப் பார்க்க வேண்டாம். மூடிக் கிடந்த அந்த ஆலையைப் பின்னாளில் வாங்கியது சால்காம்ப். அந்தக் கம்பெனி செய்வது என்ன தெரியுமா? சார்ஜர்!

சென்னையில் ஏசி ரூமில், மேஜைக்கு மேஜை பிளக் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் சில்லறைப் பிரச்சினை. ஒரகடத்தில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே தபால் வழியில் டிகிரி படிக்கிறவருக்கு அப்படி இல்லை. ரூமில் ஆறு பேருக்கு இரண்டு பிளக், அதில் ஒன்று எப்போதும் யாரோ ஒருவரின் போனுக்கு. முறை வரும்போது ஏற்றிய சார்ஜ்தான் மறுநாளைக்கும். ஷிஃப்ட் முடிந்து வந்து மூடியைத் திறந்தால் கறுப்புத் திரை. அன்றைக்குப் படிப்பு அவ்வளவுதான்.

"டெக்னாலஜி மாறிப்போச்சு, ஒன்றும் செய்ய முடியாது" என்று சிலர் ஜல்லியடிக்கிறார்கள். 2018-ல் லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை எஸ்3 இல்லாமல்தான் வந்தது. லினக்ஸ்காரர்கள் விடாமல் கத்தினார்கள். அதே வருடம் பயாஸ் அப்டேட்டில் எஸ்3-க்கு ஒரு ஆப்ஷன் வந்து சேர்ந்தது. ஆக, கேட்பவன் கேட்டால் கொடுப்பார்கள்.

இங்கே கேட்க வேண்டியது அரசாங்கம். 2025 மார்ச் பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். லட்சக்கணக்கில் வாங்குகிறவன் சொன்னால் கம்பெனி கேட்கும். டெண்டரில் ரேம் எவ்வளவு, திரை எத்தனை இன்ச் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, கூடவே ஒரே ஒரு வரி எழுதட்டும்: மூடிய லேப்டாப் 10 மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் திருப்பி அனுப்பு. இதற்குக் கமிட்டி ஒன்றும் வேண்டாம்.

அதுவரை, பேட்டரி மாற்றக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையை பேட்டரிரிப்போர்ட் என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். டிசைன் கெப்பாசிட்டியும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பேட்டரி நிரபராதி. அடுத்து அதே கட்டளையை ஸ்லீப்ஸ்டடி என்று போட்டு ஓட்டினால், ராத்திரி யார் யார் விழித்திருந்தார்கள் என்று பட்டியலே வரும். அதோடு கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், மூடியைச் சாத்தினால் ஸ்லீப் என்று இருப்பதை ஹைபர்னேட் என்று மாற்றிவிடுங்கள். ஹைபர்னேட் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் பவர்சிஎஃப்ஜி, ஹைபர்னேட், ஆன் என்று முதலில் உயிர் கொடுக்க வேண்டும். திறக்கும்போது கொஞ்சம் காத்திருக்க நேரும். சார்ஜ் மட்டும் ராத்திரி வைத்த இடத்திலேயே இருக்கும்.